ஏழு எழுத்துக்கு ஓர் இடைவெளி

நாங்கள் வாசிப்பது சோல், ஃபங்க் எனும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. குழுவில் ஒன்பது பேர். நான் பேஸ் கிட்டார். ஊர் ஊராகப் போய் வாசிப்பது பெரும்பாலும் பழைய, பேர்போன பாட்டுகள். புதுப் பாட்டில் தப்பு விழுந்தால் வெளியே தெரியாது. தெரிந்த பாட்டில் ஒரு சுரம் நகர்ந்தாலும் கேட்பவர் முகம் மாறிவிடும். அந்தப் பயத்திலேயே முதல் இரண்டு வருடம் பதிவில் இருப்பதை அச்சு அசலாக வாசித்தோம்.

அதை மாற்றியது 'ரெஸ்பெக்ட்' பாட்டு. அரீதா ஃபிராங்க்ளின் 1967இல் பாடியதைத்தான் அசல் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒத்திகையில் எங்கள் பாடகி, ஓடிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய பதிவைப் போட்டார். அதில் வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கிறான். அரீதாவின் குரலில் கேட்பது பெண். 'ரெஸ்பெக்ட்' (மரியாதை) என்ற சொல்லை R-E-S-P-E-C-T என்று ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடம் அரீதாவின் பதிவில் வந்தது. பின்னால் அக்கா எர்மாவும் தங்கை கரோலினும் குரல் கொடுப்பார்கள். நடுவே வரும் சாக்ஸபோனும் ரெட்டிங்கிடம் இல்லை.

"அவங்களே மாத்தித்தானே பாடியிருக்காங்க, அப்புறம் நமக்கென்ன பயம்?" என்றார் பாடகி.

மாற்றுவது என்றதும் எல்லோரும் எதையாவது சேர்க்கத்தான் பார்த்தோம். நானும் இரண்டு வரிக்கு நடுவே விரல் ஓடிய மட்டும் வாசித்தேன். பாட்டு மூச்சுமுட்டியது. ஃபங்க் இசையின் முன்னோடியான ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் ஓயாமல் வற்புறுத்தியது 'தி ஒன்', அதாவது முதல் அடி. நம் தாளக் கணக்கில் சமம். அங்கே அத்தனை பேரும் சேர்ந்து விழுந்தால் மற்ற இடங்களில் சும்மா இருக்கலாம். அந்தச் சும்மா இருப்பதைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. சமத்தில் ஒரே ஒரு சுரம். உடனே இடதுகை விரல்களைத் தந்திமேல் லேசாகப் படியவைத்து ஒலியை அணைக்க வேண்டும். அழுத்தினால் வேறு சுரம் கேட்கும், முழுக்க எடுத்தால் தந்தி அதிரும். அந்த அமைதிக்குள் டிரம்மர் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் குச்சியைத் தொட்டும் தொடாமலும் போடும் சின்னத் தட்டல்கள் அப்போதுதான் முதல்முறையாக என் காதில் விழுந்தன.

வேகத்தையும் குறைத்தோம். முதல் பாதியில் டிரம்பெட், டிராம்போன் கிடையாது. எழுத்துகள் வரும் இடத்தில் பாடகியும் நிறுத்திவிடுவார். ஏழு எழுத்துக்கு உண்டான இடம் காலியாக இருக்கும்.

முதல் கச்சேரியில் கூட்டம் அதைப் பாடியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். யாரும் பாடாத இரவுகளும் உண்டு. அப்போதும் நாங்கள் அந்த இடத்தை நிரப்புவதில்லை. ஸ்னேர் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், நான் தந்திமேல் விரல் வைத்தபடி அடுத்த சமத்துக்குக் காத்திருப்பேன்.