வெள்ளம் கறுப்பு மட்டுமல்ல

ரேடார் படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் பாடத்தைத் தொடங்குகிறார்கள். திறந்த நீர்ப்பரப்புக்கு அது சரிதான். சாய்வாக விழும் ரேடார் அலை மறுபக்கம் தெறித்துவிடுவதால் செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய எதுவும் திரும்புவதில்லை. என் ஆர்வமோ நாணலும் மரமும் நீரில் நிற்கும் சதுப்பு நிலத்தின் மீது. அங்கே அலை நீரில் பட்டு, தண்டில் மோதி, வந்த வழியே திரும்புகிறது. ஆகவே வெள்ளம் புகுந்த காடு, வறண்ட காட்டைவிடப் பளிச்சென்று தெரியும். கறுப்புப் புள்ளிகளை மட்டும் எண்ணித் தயாரிக்கும் வெள்ள வரைபடங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

எந்த அலைநீளம் என்பதில் நான் பிடிவாதக்காரன். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 பயன்படுத்தும் சி பட்டையின் (பட்டை என்பது ஓர் அலைநீள வரம்பு) அலைநீளம் சுமார் 5.6 செ.மீ.; புல்லுக்கும் நாணலுக்கும் போதும், அடர்ந்த காட்டில் இலைகளிலேயே சிதறிவிடும். காட்டுக்கு 24 செ.மீ. அளவிலான எல் பட்டைதான். 1992இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஜெர்ஸ்-1 செயற்கைக்கோள், அமேசானில் மரங்களுக்கடியில் பரவிய வெள்ளத்தைக் காட்டியது இந்தப் பட்டையில்தான். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்கக் கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசாரில் எல், எஸ் என்ற இரு பட்டைகளுமே உண்டு. 12 நாட்களுக்கொரு முறை அதே பாதையில் வரும்.

ஒரே ஒரு படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல மாட்டேன். நீர் உயர்ந்து புல் முழுவதும் மூழ்கினால் அந்தப் பளிச்சிடலும் போய், இடம் மறுபடி கறுத்துவிடும். முந்தைய தேதிப் படங்களை அடுக்கிப் பார்த்தால்தான் அது ஏரியா, மூழ்கிய புல்வெளியா என்று தெரியும்.