உப்புக் காற்றில் ஒரு புல்லட்: குரோம் துலக்கிய ஐந்து ஞாயிறுகள்

அப்பாவின் புல்லட் 1996 மாடல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் பழைய வகை. நான் வெளியூரில் வேலை பார்த்த இரண்டு வருடமும் அது தூத்துக்குடி வீட்டுச் சாய்ப்பில் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போனவன் நான்தான். மழை படவில்லை, வாஸ்தவம். ஆனால் உப்பளப் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் இரும்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் ரிம், ஹேண்டில்பார், லெக் கார்டு, சைலன்ஸர் எல்லாவற்றிலும் கேப்பை மாவைத் தூவிவிட்டது போல் துரு.

முதல் ஞாயிறு கழுவினேன். அதிலேயே ஒரு பாடம். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதில், துரு இருந்த இடம் போக மீதி இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. எங்கள் தெருப் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. அப்புறம் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் இரண்டு வாளி பிடித்து, ஷாம்பு கலந்து மறுபடி கழுவி, காயும் முன்பே பழைய பனியன் துணியால் துடைத்தேன். ஸ்போக் கம்பி ரிம்மில் இறங்கும் இடத்தில் துணி நுழையாது. அங்கே தேங்கிய தண்ணீரைச் சைக்கிள் பம்ப் வைத்து ஊதித் தள்ளினேன். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ரிம்மில் முதலில் துரு பிடிப்பது அங்கேதான்.

அன்றைக்கே பொறுமை போய் ஒரு தப்பும் செய்தேன். குளியலறை கழுவ வாங்கி வைத்திருந்த ஆசிடைத் துணியில் தொட்டு இடது லெக் கார்டில் தேய்த்தேன். நுரைத்தது, துரு மாயமாகப் போனது. ‘அட, இவ்வளவுதானா’ என்று தண்ணீர் ஊற்றினால், தேய்த்த இடம் மட்டும் லேசான மஞ்சளாக நிற்கிறது. எவ்வளவு துடைத்தும் மஞ்சள் போகவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “புளி போட்டுத் தேய்க்கிறதுதானேடா, குத்துவிளக்கு எப்படி மின்னுது” என்றாள். புளியும் புளிப்புதான், ஆசிடின் சின்னத் தங்கை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மஞ்சள் என்ன என்று மதுரையில் தெரிந்தது. கல்யாண வேலையாகப் போனபோது லெக் கார்டைக் கழற்றிப் பையில் வைத்து முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “தம்பி, குரோம் போயிருச்சு. இது நிக்கல். பழைய குரோமை உரிக்க நாங்களே இந்த ஆசிட்லதான் முக்குவோம்” என்றார். சின்னதாகச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சொல்லித்தான் விஷயம் உறைத்தது. வண்டியில் நாம் பார்க்கிற குரோம் அரை மைக்ரான்கூட இருக்காது. தலைமுடி ஒன்றின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அது நீலம் கலந்த பளபளப்பைத் தரும், கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இரும்பைக் காப்பது அதன் கீழே பத்து, இருபது மைக்ரான் கனத்தில் இருக்கும் நிக்கல். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. நிக்கலிலும் எங்காவது ஊசித்துளை விழுந்தால் உப்பும் ஈரமும் அது வழியாக இரும்பைத் தொட்டுவிடும். அங்கே பிடித்த துருதான் துளை வழியாக மேலே பொங்கி வருகிறது. ஆக, குரோம் துருப்பிடிப்பதே இல்லை. நான் மேலே பார்த்த பழுப்பு அடியில் இருக்கும் இரும்பினுடையது. இதைக் கேட்ட பிறகு தேய்க்கிற கை தானாக மெதுவானது.

புது முலாம் போடலாமா என்றும் கேட்டேன். பழையதை உரித்து, பஃபிங் போட்டு வழவழப்பாக்கி, நிக்கல் ஏற்றி, அப்புறம் குரோம். அவர் சொன்ன தொகை லெக் கார்டின் விலையைத் தாண்டியது. முலாம் போடும் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புற்றுநோய் வரவைக்கும் சரக்கு. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை நமக்குத் தெரியும். இருக்கிற முலாமைக் காப்பாற்றுவோம் என்று திரும்பிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறுதான் உண்மையான வேலை. கருவி, சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாள். உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமைவிட ரொம்ப மென்மை, அதனால் கீறாது. மேலே நிற்கும் துருவை மட்டும் அரைத்து எடுக்கும். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் குழம்பு போல வரும். அதைத் துடைத்தால் கீழே முகம் தெரிகிறது! பின் ரிம்முக்கு மட்டும் மூன்று மணி நேரம் போனது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். கீறல் விழும். நார்த்துணுக்கு ஒட்டிக்கொண்டு அதுவே புதுத் துருவாகும். துரு போன இடத்தில் குண்டூசி முனை அளவு கறுப்புப் புள்ளிகள் மிச்சம். அவை குழிகள். எந்த பாலிஷும் குழியை நிரப்பாது.

நான்காவது வாரம் சைலன்ஸர். இன்ஜினிலிருந்து சைலன்ஸருக்கு வளைந்து வரும் பெண்ட் பைப்பில் என்றோ உருகி ஒட்டிய மழைக்கோட்டு கரிக்கட்டியாக இருந்தது. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் இளகியதும் அணைத்துவிட்டு, ஐஸ் குச்சியால் சுரண்டினேன். சூடு தணிந்ததும் டியூபில் வரும் மெட்டல் பாலிஷைப் பட்டாணி அளவு தொட்டுத் தேய்த்ததில் மிச்சக் கறை போனது. பைப்பின் தொடக்கத்தில் இருக்கும் நீலமும் பொன்னிறமும் மட்டும் பாதிதான் மங்கின. அது அழுக்கில்லை, சூட்டில் வந்த நிறம். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போனால் இன்னும் சூடாகி இன்னும் நீலமாகும். அதைச் சரிபார்க்காமல் பாலிஷ் போடுவது வீண்வேலை.

ஐந்தாவது வாரம் காப்பு. ரிம், ஹேண்டில்பார், ஹெட்லைட் வளையம் எல்லாவற்றிலும் கார்களுக்குப் போடும் கார்னோபா மெழுகை மெல்லியதாகத் தடவி, வெளுத்ததும் துடைத்தேன். குழிகள் மேல் இரண்டு தடவை. டயரின் ஓடுபரப்பில் படாமல் பார்த்துக்கொண்டேன், வழுக்கும். சைலன்ஸரில் மெழுகு நிற்காது, எரிந்துபோகும். அங்கே ஓட்டிவிட்டு வந்து ஆறியதும் துடைப்பது ஒன்றுதான் வழி. தார்ப்பாய்க்குப் பதில் பழைய பருத்திப் போர்வை. அதை வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்திப் போடுகிறேன்.

நேற்று இரவு தூறல். காலையில் பார்த்தேன், மெழுகு போட்ட ரிம்மில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. இடது லெக் கார்டில் மட்டும், ஆசிட் பட்ட மஞ்சளுக்கு ஓரமாக, இரண்டு பழுப்புப் புள்ளி. அலுமினியத் தாளை எடுக்க அடுக்களைக்குப் போனால் அம்மா சுருளை ஒளித்து வைத்திருக்கிறாள்.