82 அடி

விடுதியின் பொது அறையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு மரக் கதவும் அதற்கு ஒரு பூட்டும் உண்டு. சாவி பொறுப்பாசிரியரிடம். வாரத்தில் ஒரு மாலை அவர் வந்து திறந்துவிட்டுப் போனால், அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் அத்தனை பேரும் முழங்காலோடு முழங்கால் இடிபடத் தரையில் உட்கார்ந்திருப்போம். கதை எங்களுக்கு முக்கியமில்லை. அமெரிக்க ஆங்கிலம் பாதிக்கு மேல் பிடிபடாது. கார் எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

நாடகங்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களும் கார்ப் பெயர்கள்தான். 'நைட் ரைடர்' என்று ஒருவரும் சொன்னதில்லை, 'கதைக்கிற கார்' என்றுதான் சொல்வோம். 1982ஆம் ஆண்டு மொடல் பொன்டியாக் ட்ரான்ஸ் ஆம், கறுப்பு நிறம், முகப்பில் இடமும் வலமும் ஓடுகிற சிவப்பு விளக்கு. சின்ன வகுப்புப் பையன்கள் டோர்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு இரவில் தாழ்வாரம் முழுக்க ஓடுவார்கள். அந்தக் காருக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் டேனியல்ஸ் என்பதும், தன் பெயரைத் திரையில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார் என்பதும் பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. நல்லவேளை. அன்றே தெரிந்திருந்தால் கார் தானாகப் பேசுகிறது என்று அவ்வளவு மனதார நம்பியிருக்க முடியாது.

'மக்னம்' தொடரின் சிவப்பு ஃபெராரி 308 வந்தால் ஒரு பெருமூச்சு விடுவோம், அவ்வளவுதான். இன்னொரு தொடரின் துப்பறிவாளர் கொலம்போவின் பழைய பேஜோ 403 வரும்போது மட்டும் அறையே சிரித்துக் கைதட்டும். நடிகர் பீட்டர் ஃபாக், ஸ்டூடியோ வளாகத்தில் கிடந்த கார்களுக்குள் தானே போய்த் தேர்ந்தெடுத்த கார் அது. எங்களுக்கு அது பௌதிக மாஸ்டரின் மொரிஸ் மைனரை நினைவூட்டியது. மாஸ்டரிடமும் அந்தத் துப்பறிவாளரின் பழக்கம் ஒன்று இருந்தது. பாடம் முடிந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விடுவார். அப்புறம் திரும்பி நின்று இன்னும் ஒரு கேள்வி கேட்பார். அன்றைய பாடத்தின் உண்மையான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லாக் கார்களுக்கும் மேலே எங்களுக்கு இருந்தது, பறக்கிற கார். 'த டியூக்ஸ் ஒஃப் ஹஸார்ட்' தொடரில் வரும் செம்மஞ்சள் நிற 1969 டொட்ஜ் சார்ஜர், கதவில் 01 என்ற இலக்கம். கதவுகள் திறக்காது. ஜன்னல் வழியாகப் பாய்ந்துதான் ஏறுவார்கள். அதன் கூரையில் வரைந்திருந்த கொடியின் பொருளை நாங்கள் அறியவில்லை. அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தென் மாநிலங்களின் கொடி அது. அறிந்த பிறகு அந்தக் கூரையைப் பழைய சந்தோஷத்தோடு என்னால் பார்க்க முடியவில்லை. குதித்த குதிப்பை மட்டும் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை.

அந்தக் குதிப்பைப் பற்றி மறுநாள் வகுப்பில் ஒருவன் கேட்டுவிட்டான். "சேர், அது எப்படி நேராப் பறக்குது?"

மாஸ்டர் கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் கரும்பலகை டஸ்டரை எடுத்து மேசை விளிம்பில் வைத்து, ஒரு விரலால் மெதுவாக வெளியே தள்ளினார். பாதி தாண்டியதும் அது முன்பக்கம் குத்திக்கொண்டு கீழே விழுந்தது. வெண்கட்டித் தூள் அவர் காற்சட்டையெல்லாம் படிந்தது. "எஞ்சின் முன்னாலதானே இருக்கு? முன்சில்லு சரிவைத் தாண்டின உடனே மூக்குக் கீழ போகத் தொடங்கிவிடும். பின்சில்லு அப்பவும் சரிவிலதான் நிக்கும். அப்படியெண்டா இது எப்படிப் பறக்க வேணும்?" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மொரிஸ் மைனரின் சாவிக் கொத்தை எடுத்து டஸ்டரின் பின்நுனியில் வைத்தார். மறுபடி தள்ளினார். முன்பு விழுந்த இடத்தைத் தாண்டியும் டஸ்டர் விழாமல் நின்றது. கடைசி வாங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தோம்.

மணி அடித்தது. வாசல் வரை போனவர் திரும்பினார். "பின்னால ஏதோ பாரம் வைச்சிருக்க வேணும். எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியாது. ஆராவது கண்டுபிடிச்சா வந்து சொல்லுங்கோ."

நாங்கள் சொல்லவில்லை. பரீட்சை வந்தது, பிரிந்தோம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் வந்து விழுந்தோம்.

வெளிநாட்டு வாழ்க்கையில் இரவு வேலைக்குப் பிறகு தூக்கம் வராத நேரங்களில் கூகுள் வரைபடத்தில் ஊர் சுற்றுவது எனக்குப் பழக்கமாயிற்று. வீதியில் நின்று பார்ப்பது போலப் படங்களைக் காட்டும் அதன் வீதிக் காட்சி (Street View) 2007இல் 5 அமெரிக்க நகரங்களோடு தொடங்கியது. பிறகு கமராக் கார்கள் உலகின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டன. ஒரு நாள் அந்தப் பறக்கிற காரின் இடத்தைத் தேடிப் போனேன். முதல் சில பகுதிகளை ஜோர்ஜியா மாநிலத்தின் கொவிங்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற அந்த முதல் குதிப்பு நடந்தது பக்கத்தில் ஒக்ஸ்ஃபோர்ட் என்ற சிற்றூரில், ஒரு கல்லூரி வளாகத்துக்குள். 1978 நவம்பர் 11. உயரம் 16 அடி, தூரம் 82 அடி. விழுந்த வேகத்தில் கார் நொறுங்கிப் போயிற்று. தொடர் முடிவதற்குள் இப்படி 200க்கும் மேற்பட்ட கார்கள் பாழாயின.

அந்தக் குதிப்பு ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்தது என்று வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை தரம் பார்த்திருப்போம். ஒரு தடவைகூட அது மாணவர்கள் நடக்கிற பாதை என்று தோன்றவில்லை.

வரைபடத்தில் தூரம் அளக்கிற வசதி இருக்கிறது. முதலில் அந்தக் கல்லூரி வளாகத்தை மேலிருந்து எடுத்த படத்தில் 82 அடி கோடு போட்டேன், ஏறக்குறைய 25 மீற்றர். அப்புறம் கை தானாக எங்கள் பாடசாலைக்குப் போயிற்று. வாசலில் ஒரு புள்ளி வைத்து, ஒழுங்கை வழியே 25 மீற்றர் இழுத்தேன். கோடு மாஸ்டரின் வீட்டு மதிலடியில் முடிந்தது.

வீதிக் காட்சிக்குள் இறங்கினேன். வாசலில் புதுக் கதவு, மதிலுக்குப் புதுச் சுண்ணாம்பு. ஒழுங்கை நான் நினைத்து வைத்திருந்ததை விடக் குறுகல். படமெடுத்த காரின் நிழல் தார் ரோட்டில் கிடந்தது, கூரையில் கமராக் கம்பத்தோடு. ஓர் இடத்தின் பழைய படங்களையும் பார்க்கிற வசதி 2014இல் வந்தது. முன்னைய வருடத்துப் படத்துக்குப் போனேன்.

மதிலோரம் மொரிஸ் மைனர் நின்றது.

இலக்கத் தகட்டை கூகுள் மங்கலாக்கியிருந்தது. எனக்கு இலக்கம் தேவைப்படவில்லை. பின் மட்காட்டில் அந்த நெளிவு இருந்தது. கிரிக்கெட் பந்து பட்டு வந்த நெளிவு. அடித்தவன் இன்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறான், பெயரை எழுத மாட்டேன். மற்றப் படத்தில், புதிய படத்தில், அந்த இடத்தில் வெறும் மண்தான்.

மனம் பதறிவிட்டது. வகுப்பு நண்பர்கள் நால்வருக்குப் போன் பண்ணி விசாரித்தேன். மாஸ்டர் இருக்கிறார். மகளோடு வேறு நகரத்தில். காரைத்தான் விற்றுவிட்டார். இலக்கம் வாங்கி அன்றே அழைத்தேன்.

பெயரைச் சொன்னதும் வருடத்தையும் வகுப்பையும் அவரே சொன்னார். குரல் மெலிந்திருந்தது. "சேர், அந்தப் பறக்கிற கார். நீங்கள் சொன்னது சரி. பின்பெட்டிக்குள்ள மணல் மூட்டையும் கொங்கிறீற்றும் வைச்சிருக்கினம்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "ஆ, வைச்சிருக்கினமோ." மகளைக் கூப்பிட்டு அதையே திருப்பிச் சொன்னார். என் வேலை, பிள்ளைகள், உடம்பு எல்லாம் விசாரித்தார். சரி தம்பி, வைக்கட்டோ என்றார். நானும் வணக்கம் சொன்னேன்.

"நில்லும்," என்றார். "எவ்வளவு பாரம்?"

"500 தொடக்கம் 1000 றாத்தல் வரை, சேர்."

"காரின்ரை முழுப் பாரமும் தேடி எடுத்து, புவியீர்ப்பு மையம் எவ்வளவு பின்னுக்குப் போகும் எண்டு கணக்குப் போட்டு வைச்சிரும். ஞாயிற்றுக்கிழமை எடும்."