கரண்ட் இல்லாத நேரத்து போன்

"கரண்ட் இல்லாட்டி இந்த போனை எடுக்கச் சொல்றீங்க. இடி இடிச்சா இதைத் தொட வேண்டாம் எண்டும் சொல்றீங்க. இங்க கரண்ட் போறதே இடி இடிக்கிற நேரத்திலதானே, தம்பி?"

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா கேட்டது இது. மாதக்கணக்காகியும் அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை.

அந்த அலுவலகத்துக்கு ஐபி போன்களை, அதாவது கணினி நெட்வொர்க் வழியாகப் பேசுகிற போன்களைப் பொருத்தியது நான். வேலையில் குறை வைக்கவில்லை. பழைய செப்புக் கம்பி லைனை ஐபி போன்களோடு சேர்க்கிற பெட்டிதான் கேட்வே. மூன்று 065 லைன்களையும் அதன் எஃப்எக்ஸ்ஓ போர்ட்களில், வெளி லைனை வாங்குகிற போர்ட்களில்தான் கொடுத்தேன். பக்கத்திலேயே அச்சு அசல் அதே மாதிரி எஃப்எக்ஸ்எஸ் போர்ட் இருக்கும். அது போனுக்குத் தானே மின்சாரம் கொடுக்கிற போர்ட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வருகிற லைனை, மணி அடிக்கும்போது 90 வோல்ட் அளவுக்கு ஏறுகிற லைனை, அதில் சொருகினால் கேட்வே பழுதாகிவிடலாம். அதனால் ஒவ்வொரு வயரிலும் பெயர் எழுதி ஒட்டினேன். மேலாளருக்கு இருந்த பயம் வேறு: யாராவது இன்டர்நெட் வழியாகப் புகுந்து வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துப் பில்லை ஏற்றிவிடுவார்களோ என்று. நியாயமான பயம். கோல்கள் வருகிற 5060 என்ற இணைய வாசலை வெளியே திறக்கவில்லை, வெளிநாட்டுக் கோல்களை அடைத்துவிட்டேன், சரி என்றார்.

மூன்றாவது லைனில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். கரண்ட் போனால் கேட்வேயில் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் விழுந்து, அந்த லைன் நேராக ஒரு பழைய போனோடு சேர்ந்துவிடும்படி செய்தேன். ஐபி போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தாலும் அந்த ஒன்று எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கும். 1990க்கு அம்புலன்ஸ் கூப்பிடலாம், 119க்குப் பொலிசைக் கூப்பிடலாம். இதை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது இடியா இடித்தது? மொபைல் டவரின் பேட்டரியும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

ஆனால் அக்கா கேட்டது வெட்டு நாளைப் பற்றி அல்ல. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வருமே, அந்த நேரத்தைப் பற்றி. கம்பத்திலிருந்து வருகிற செப்புக் கம்பி ரிசீவர் வழியாகக் காதோடு ஒட்டி நிற்கிறது. அப்போது அந்த போனை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், அதுவும் சரிதான். ஐபி போனில் இந்தப் பயம் மிகக் குறைவு, வெளிக்கம்பிக்கும் அதற்கும் நடுவில் கேட்வேயும் நெட்வொர்க் சுவிட்சும் நிற்கின்றன. ஆக, ஆபத்துக்கென்று நான் வைத்த போன்தான் அந்த நேரத்தில் மேசையிலேயே ஆபத்தான போன்.

"லைன் உள்ளே வாற இடத்தில சர்ஜ் தடுப்பான் போட்டிருக்கு அக்கா" என்றேன். போட்டிருந்தேன்தான். கம்பியில் திடீரென்று ஏறுகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கருவி அது. அதன் எர்த் விஷயத்தில் ஒரு சண்டையே நடந்தது. ஜன்னலுக்கு வெளியே மணலில் தனியாக ஒரு கம்பியை அடித்துவிட்டால் போதும், கரண்ட் மெயின் போர்ட் வரை ஏன் வயர் இழுக்கிறீர்கள் என்றார் மேலாளர். காய்ந்த மணலில் எர்த் நன்றாகப் பிடிக்காது. அதைவிட, போனுக்கு ஒரு எர்த், கரண்டுக்கு ஒரு எர்த் என்று இரண்டு தனித்தனியாக இருந்தால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அது பாய்வது அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் கேட்வே வழியாக. பச்சை மஞ்சள் வயரை மெயின் எர்த் வரை இழுத்த பிறகுதான் லைனைக் கொடுத்தேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எடுக்கலாமா?"

எடுக்கலாம் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. கம்பியில் நேராக விழுகிற இடிக்கு எந்தத் தடுப்பானும் உத்தரவாதம் இல்லை. "அவசரமெண்டா மட்டும்" என்றேன். அது பதிலா? மயங்கி விழுந்த ஒருவர் பக்கத்தில் கிடக்க, வெளியே இடி முழங்க, முடிவை அவர் தலையில் கட்டிவிட்டு நான் வந்துவிட்டேன் என்றுதான் சில நேரம் தோன்றுகிறது. வேறு சில நேரம், அங்கே இருப்பவர்தானே முடிவெடுக்க வேண்டும், நான் என்ன செய்ய என்றும் தோன்றுகிறது.

வழி இல்லாமல் இல்லை. கேட்வே, சுவிட்ச், ஒரு ஐபி போன் மூன்றையும் சின்ன யூபிஎஸ்ஸில் போட்டால் இடி நேரத்தில் அதையே எடுக்கலாம். கேட்டுப் பார்த்தேன், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். வாங்கினாலும் அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், யார் கவனித்து மாற்றுவது? ஃபைபருக்கு மாறினால் கண்ணாடி இழை வழியாக இடி வராது, ஆனால் கரண்ட் போனதும் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும். திரும்பவும் யூபிஎஸ்.

லைன் மின்சாரத்திலேயே ஸ்பீக்கர் வேலைசெய்கிற போன் ஒன்று கிடைத்தால், ஏப்ரல் மழைக்கு முன் கொண்டுபோய் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். ரிசீவரைக் காதில் வைக்கத் தேவையில்லை. ஆனால் 1990ஐ அமுக்க விரல் வேண்டாமா என்று அக்கா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.