மழைக்காரம்மா

இளையோருக்கான கதைப் புத்தகங்களைச் செம்மை செய்வது என் வேலை. சிறிய பதிப்பகம் என்பதால் மெய்ப்புப் பார்ப்பது, அட்டைப்படத்துக்கு ஓவியரோடு பேசுவது எல்லாம் என் பொறுப்புதான். போன வருஷம் வந்த ஒரு கைப்பிரதி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எழுதியது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், தாமிரபரணிக் கரை ஊர்க்காரி. பருவங்களைக் கைக்குள் வைத்திருக்கும் பெண்கள், கெட்டுப்போகும் வானிலை, தன் சக்தி இன்னதென்று புரியாமல் தவிக்கும் பதினான்கு வயதுப் பேத்தி என்று போகிறது கதை.

முதல் பிரதியில் பருவம் நான்குதான். செக்கச்செவேலென்று இலைகள் உதிரும், முற்றம் முழுக்கப் பனிக்கட்டி உறையும். ஆங்கில நாவல்கள் நிறையப் படித்த பிள்ளை. போனில் கேட்டேன்: "உங்க ஊர்ல மரம் எப்ப இலை கொட்டும்?"

"மாசி, பங்குனியில வேம்பு கொட்டும் அக்கா. சித்திரைக்குள்ள துளிர்த்துப் பூத்துரும்."

"சரி, அதை எழுது."

பத்து நாளில் நான்கு பருவம் ஆறாகி வந்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதோடு நிற்கவில்லை. ஆனியும் ஆடியும் ஏட்டுக் கணக்கில் முதுவேனில். குற்றாலத்தில் அதுதான் சாரல் காலம். இந்த முரணையே பாத்திரமாக்கியிருந்தாள். முதுவேனிலை ஆளும் பெண் மலையடிவாரத்துக்கு வந்தால் மட்டும் சக்தி குறைந்து நனைந்துபோகிறாள். படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்றும் கிடைத்தது. தமிழில் காலத்துக்கும் பருவம், பெண் வயதுக்கு வருவதற்கும் பருவம். பேத்திக்குச் சக்தி இறங்குவதும் உடல் மாறுவதும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. வீட்டில் "பருவம் வந்துடுச்சு" என்று யாரோ சொல்ல, அவள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

தொட்டது வேறு இடத்தில். கைப்பிரதி முழுக்க அந்தப் பெண்களுக்குச் சூனியக்காரி என்று பெயர். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் நின்றது. ஒரு பெண்ணின் மேல் அந்தப் பட்டத்தைக் கட்டி அடித்து ஊரைவிட்டு விரட்டுவதைத் தடுக்க, பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச்சட்டமே போடவேண்டி வந்தது. நம் ஊர்ப் பக்கமும் வைப்பு, செய்வினை என்று சொல்லிக் குடும்பத்தில் ஒருத்தியை ஒதுக்கிவைப்பது இன்றும் உண்டு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான், அதுவும் வானிலையோடு சேர்ந்தே. 1562 ஆகஸ்டில் தென்மேற்கு ஜெர்மனியில் பெரிய ஆலங்கட்டி மழை கொட்டிப் பயிரெல்லாம் நாசமானது. 'குட்டிப் பனியுகம்' என்று பின்னால் பெயர் பெற்ற குளிர்ந்த நூற்றாண்டுகளின் நடுவில் அது. மழைக்குப் பழிபோட ஆள் தேடினார்கள். வீசென்ஸ்டைக் என்ற சின்ன ஊரில் 63 பெண்களைக் கொன்றார்கள். இதை அவளிடம் சொன்னபோது வெகுநேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "எக்கா, அப்ப கதையில வர்ற ஆச்சிய என்னன்னு கூப்பிடுறது?"

மந்திரக்காரி, மாயக்காரி, குறிகாரி எல்லாம் எழுதிப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில், அந்தக் 'காரி'யை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று அவளே சொன்னாள். பூக்காரி, கீரைக்காரி மாதிரி, கையில் ஒரு வேலை உள்ளவள். பூ விற்கும் அம்மாவை நாம் பூக்காரம்மா என்றுதானே கூப்பிடுகிறோம்? அப்படித்தான் மழைக்காரம்மா வந்தாள். பின்னாலேயே பனிக்காரம்மா, வேனக்காரம்மா.

இனி என் தவறைச் சொல்லவேண்டும். ஏழாம் அத்தியாயத்தில் மார்கழி பிறந்த அன்று அடைமழை பிடித்துக் குளம் உடைகிறது. நான் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: 'காலப்பிழை. கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை. ஐப்பசிக்கு மாற்றவும்.' பழமொழி கையில் இருக்கும் தைரியம்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. குரலில் கோபம் இல்லை.

"அக்கா, 2023ல மார்கழி ரெண்டாந்தேதி எங்க வீட்டுல கழுத்தளவு தண்ணி நின்னுச்சு. ஆச்சிய மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். நெல்லு மூட்டை, என் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் எல்லாம் போச்சு."

அந்த டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். செய்தி எனக்குத் தெரியும், படமெல்லாம் பார்த்தேன். ஆனாலும் மெய்ப்புத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது பழமொழிதான் நினைவுக்கு வந்தது, வெள்ளம் வரவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். பழமொழி கட்டிய காலத்தில் இந்தக் காற்று இல்லை. என் சிவப்புக் குறிப்புக்குக் கீழே 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் அந்தப் பழமொழியை ஆச்சியின் வாயிலேயே வைத்தாள். பாதி சொல்லி நிறுத்திவிடுகிறாள் ஆச்சி.

முடிவுக்குத்தான் மூன்று மாதம் ஆனது. முதலில் பேத்தி ஒரு மந்திரம் சொல்வாள், வானம் வெளுக்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த பிள்ளையிடம் அது பொய் என்று சொல்ல வாயும் வரவில்லை. அவளே மாற்றினாள். புதிய முடிவில் மழைக்காரம்மாவால் மழையை ஒரு ராத்திரி பிடித்துவைக்க மட்டுமே முடியும். அதற்குள் ஊர் கூடி வாய்க்கால் அடைப்பை எடுத்து மடையைத் திறந்தாக வேண்டும். ஊரோ முதலில் வந்து நிற்பது அவள் வாசலில், மழையைக் கொண்டுவந்தவளே நீதான் என்று கேட்க. வீசென்ஸ்டைக்கைப் பெயர் சொல்லாமல் அந்த அத்தியாயத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஆச்சி கதவைத் திறந்து, கத்துகிறவர்களில் முதல் ஆளின் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறாள். பேசுவதில்லை. புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

இப்போது அட்டைப்பட வேலை. ஓவியர் முதலில் கூம்புத் தொப்பியும் துடைப்பமுமாக வரைந்திருந்தார். காதை இழுத்துத் தொங்கவைக்கும் பாம்படம் போட்ட கிழவிகளின் பழைய புகைப்படங்கள் நாலைந்தை அனுப்பிவைத்தேன். நேற்று இரண்டாவது படம் வந்தது: குளத்துக் கரை, கருத்த வானம், தோள் வரை தொங்கும் காது, தோளில் மண்வெட்டி. அவளுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் போட்டிருந்தாள்.

"எங்க ஆச்சி காது இன்னும் நீளம் அக்கா. மாத்தச் சொல்லுங்க."