காகிதம் வைத்து ஒட்டிய தூண்

ஜூலை 2, 2024

ஆஸ்பத்திரியில் அப்பா இன்றும் பேசவில்லை. இடது கையால் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருக்கிறார், இழைப்புளி ஓடிய பலகையைத் தடவிப் பார்ப்பதுபோல.

மாட்டுங்கா வீட்டு அம்மா போன் செய்தார். பூஜை மண்டபம் ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுமா என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். தூண்கள் இன்னும் வெறும் கட்டைகளாகவே கிடக்கின்றன.

ஜூலை 4

மும்பை மரைன் டிரைவில் கிரிக்கெட் உலகக் கோப்பை ஊர்வலம். வார்டே ஒரு செல்போனைச் சுற்றி நின்றது. அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

ஜூலை 5

மண்டபச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அரைத் தூண்கள் இரண்டு. மூன்றடி உயரம், மூன்று அங்குலக் குறுக்களவு. முழுத் தூணாகக் கடைந்துவிட்டு நடுவில் அறுத்தால், வாள் தின்ற கனம் போய், இரண்டும் அரைவட்டத்துக்குக் குறைவாகவே நிற்கும். அப்பா அப்படிச் செய்யவே மாட்டார். இரண்டு தேக்குக் கட்டைகளை இடைவெளி தெரியாமல் இழைத்து, நடுவே ஒரு செய்தித்தாளை வைத்து, தோலைக் காய்ச்சி எடுத்த பசையான வச்சிரத்தால் ஒட்டுவார். ஒரே கட்டையாகக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டுக் கடைந்து முடித்ததும், முனையில் ஒட்டுக் கோட்டின்மேல் அகல உளியை வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் தட்டுவார். காகிதம் தன் கனத்துக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். மரத்தில் ஒரு சிலாம்புகூட எழாது.

பதினைந்து வயதிலிருந்து இதைப் பார்க்கிறேன். கடைசல் எனக்கு நன்றாகவே வரும். ஒட்டுகிற வேலையை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. பசை எவ்வளவு, எத்தனை நாள் இறுக்கி வைப்பது, எந்தத் தாள். கடைசலின் வேகத்தையும் தாங்க வேண்டும், உளி தட்டும்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

எந்தத் தாள் என்று ஒருநாள்கூட ஏன் கேட்காமல் இருந்தேன்?

ஜூலை 6

கழிவுத் தேக்கில் ஒத்திகை. நேற்றிரவு அவசரத்தில் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவியிருந்தேன். தாள் முழுக்க ஊறிப்போய், மரத்தை மரமே பிடித்துக்கொண்டது. உளி கோட்டைவிட்டு விலகி, விரல் நீளத்துக்கு மரத்தைப் பெயர்த்தெடுத்தது. இன்னொரு துண்டில் வழவழப்பான இணைப்பிதழ்த் தாள். அது பசையைக் குடிக்கவே இல்லை. கையால் முறுக்கியதும் பிரிந்துவிட்டது.

"அறுத்தே கொடுத்துவிடம்மா, அந்த வீட்டில் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் சித்தப்பா. பட்டறை அடைக்கும்வரை அவரோடு நான் பேசவில்லை.

ஜூலை 7

அப்பாவின் பெட்டியில் வச்சிரக் கட்டிகள் இருந்தன. ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினேன். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். அந்த வாடை எழுந்ததும் அவர் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது. கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

படமில்லாத வரி விளம்பரப் பக்கம். இரண்டு முகத்திலும் மெல்லிய பூச்சு. ஆறு கிளாம்புகள்.

ஜூலை 8

இரவு ஒரு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் இடையே 300 மில்லிமீட்டருக்கு மேல் மழையாம். தாராவியிலிருந்து தண்ணீரில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வச்சிரத்துக்கு ஈரம் ஆகாது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கிளாம்புகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூசுகிறது.

ஜூலை 9

வச்சிரத்தில் ஒட்டிய சிறு துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். காகிதம் தெரிகிற விளிம்பைக் கட்டைவிரலால் வெகு நேரம் நெருடினார். பிறகு மூன்று விரல்களைக் காட்டினார்.

"மூன்று நாளா அப்பா? மூன்று திருகா?"

கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 10

மழை. கிளாம்புகளைத் தொடவில்லை.

ஜூலை 11

மூன்று நாள் கழிந்தது. முனைகளில் இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாக விட்டிருந்தேன். அங்கே ஒட்டுக் கோட்டைக் குறுக்கே பிடிக்கும்படி முனைக்கு மூன்று திருகுகள் போட்டேன். கடைசல் இயந்திரத்தின் கூர்முனை சரியாக அந்தக் கோட்டின்மேல்தான் உட்காருகிறது, ஆப்பு வைத்ததுபோல. திருகு இல்லாவிட்டால் ஓடும்போதே பிளந்து முகத்தில் அடித்துவிடும். குறைந்த வேகத்தில் தொடங்கினேன். சதுரம் உருண்டையாகும்வரை மூச்சு நெஞ்சிலேயே நின்றது. பிறகு சத்தம் மாறியது. ஒரே மரத்தின் சத்தம்.

ஜூலை 12

திருகு போட்ட முனைகளை அறுத்துத் தள்ளினேன். உளியை வைத்தேன். முதல் தட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டிலும் இல்லை. சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது தட்டில் முனையில் கோடு திறந்து, தூணின் நீளம் முழுக்கச் சரசரவென்று ஓடியது. இரண்டு பாதிகளிலும் பஞ்சுபோல் பிய்ந்த காகிதம், அதற்கடியில் வலமிடமாகத் திரும்பிய எழுத்துகள். "வாடகைக்கு" என்பதை மட்டும் படிக்க முடிந்தது.

மாலையில் ஒரு பாதியைத் துணியில் சுற்றி வார்டுக்கு எடுத்துப்போனேன். காகிதப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை எடுக்கவில்லை.

ஜூலை 14

வெந்நீர்த் துணியால் துடைத்துக் காகிதத்தையும் வச்சிரத்தையும் எடுத்தாகிவிட்டது, ஒரு பாதியில். அவர் கை வைத்த பாதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.