மதினிக்கு ஆன்லைனில் டாக்டர் பார்த்தோம், ஓடிபி மட்டும் கடலில் இருந்தது

இ-சஞ்சீவனியில் எப்படி டாக்டரிடம் பேசுவது என்று எங்கள் பாம்பன் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது இது. காசு கிடையாது. போன் நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு, பேர் வயசு ஊர் எல்லாம் நிரப்பினால் டோக்கன் வரும், முறை வந்ததும் வீடியோவில் டாக்டர், முடிந்ததும் மருந்துச் சீட்டு பிடிஎஃப்பாக வந்துவிடும். கேட்கச் சுலபம்தான். ஆனால் பெண்கள் விஷயத்துக்கு இதைப் பயன்படுத்தும்போது சிக்கல் வெப்சைட்டில் இல்லை. போன் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

என் மதினி கடலில் பாசி எடுக்கப் போகிறவர். சேலைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்கிற வேலை. 43 வயசு. கொஞ்ச காலமாகவே மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை, ஒரு வாரம் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது. கடலில் முங்கி எழுந்தால் கண் இருட்டுகிறது என்றார். தெருவில் கேட்டால், நிற்கிற வயசு அப்படித்தான் இருக்கும் என்று ஒரே பதில். யூடியூபில் ஒரு அம்மா ஏதோ கஷாயம் சொன்னார் என்று அதையும் குடித்துப் பார்த்தாகிவிட்டது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அன்றைய பாசிக் காசும் போய்விடும், போய் எந்த டாக்டரைப் பார்ப்பது என்றும் தெரியாது. சரி, முதலில் போனில் பேசிப் பார்ப்போம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

ஆபா நம்பர் இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்று பக்கத்து வீட்டுப் பையன் அடித்துச் சொன்னான். அது 14 இலக்க சுகாதார அடையாள எண், ஆதாரை வைத்து எடுக்கலாம். மதினியின் ஆதாரில் இருப்பது அண்ணன் நம்பர். அண்ணன் அந்நேரம் விசைப்படகில், டவர் எட்டாத தூரத்தில். ஓடிபி போய் அங்கே நிற்கிறது, நாங்கள் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மறுநாள் அண்ணன் கரைக்கு வந்து, எதுக்கு இத்தனை ஓடிபி வந்திருக்கு, பேங்கில் எவனாவது காசு எடுக்கிறானா என்று கத்தினார். அப்புறம்தான் தெரிந்தது, ஆபா கட்டாயமே இல்லை, ஏதாவது ஒரு போன் நம்பர் போதும். என் நம்பரைப் போட்டேன், போய்விட்டது.

இந்தக் கூத்துக்குப் பிறகு மதினி தன் பேரில் ஒரு சிம் வாங்கி, ஆதார் மையத்தில் அந்த நம்பரை ஏற்றப் போனார். அங்கே கைரேகை விழவில்லை. பாறையில் தேய்ந்து கீறிய விரல் நுனியில் மெஷினுக்குப் படிக்க என்ன மிச்சம் இருக்கும்? கருவிழியைக் காட்டித்தான் வேலை முடிந்தது. பாசி எடுக்கிறவர்கள் போகும்போதே கண்ணை வைத்து எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டோம். என்னைக் கேட்டால் முழு வேலையில் இதுதான் பாதி. கடைசியாக எப்போது வந்தது என்றால் மதினிக்குத் தேதி தெரியாது, அமாவாசைக்கு மறுநாள், அன்றைக்குப் பாசிக்குப் போகவில்லை என்றார். காலண்டரைத் திருப்பித் தேதி கண்டுபிடித்தோம். ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறார், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டியாகப் போகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாத்திரை எதுவும் இல்லை என்றவர், எழுதி முடித்து எழுந்திருக்கும்போது, நாள் தள்ளிப்போக மெடிக்கல்ல வாங்குறது உண்டு, அதெல்லாம் மாத்திரையா என்றார். நல்ல பாசி கிடைக்கிற நாளில் வந்துவிடக் கூடாது என்று அவ்வப்போது போட்டிருக்கிறார். அதையும் எழுதினேன்.

அடுத்தது இடம். எங்கள் வீட்டுக்குள் வீடியோ ஓடுகிற அளவுக்கு நெட் வராது. மொட்டை மாடியில் வரும், ஆனால் மாடியில் பேசினால் தெருவே கேட்கும். கடைசியில் தோழி வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தோம். மதினி காதில் இயர்போனை மாட்டிவிட்டேன். தன் குரல் தனக்குக் கேட்காததால், டாக்டர் முகம் தெரிந்ததும், "கட்டி கட்டியாப் போகுது டாக்டர்!" என்று கடலில் படகைக் கூப்பிடுகிற குரலில் ஒரு சத்தம். வெளியே வலை பின்னிக்கொண்டிருந்த தோழியின் மாமனார் எழுந்தே போய்விட்டார். ஒரு காதில் மட்டும் மாட்டினால் போதும், இது நடக்காது.

நல்லவேளை, வந்தவர் பெண் டாக்டர். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது, கட்டி பத்து ரூபாய் காசைவிடப் பெரிதா என்று நேராகக் கேட்டார். நடுவில் படம் நின்று நின்று வந்தது. தாளில் இருந்ததை நான் சாட்டில் டைப் செய்து அனுப்பியதால் பேச்சு தடைபடவில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கூடவே கர்ப்பப் பரிசோதனையும். மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்திலா என்று. மாதவிலக்கு அடியோடு நின்றுபோகாதவரைக்கும், ரத்தப்போக்கு என்று வந்தால் கர்ப்பமா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கடை மாத்திரையை நிறுத்தினாலே ரத்தப்போக்கு வரும், டாக்டரைக் கேட்காமல் இனிமேல் போடக் கூடாது என்றார். வீடியோவில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, இதற்கு நேரில்தான் பார்க்க வேண்டும், மகப்பேறு பிரிவுக்குப் போங்கள் என்று சீட்டிலும் எழுதிவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அந்தச் சீட்டுதான். எங்கே போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று கையில் ஒரு தாள் இருந்ததால் மதினி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் அவருக்கு எட்டுகூட இல்லை. அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் மூச்சடக்கி முங்கியிருக்கிறார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. கட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே சொந்தக்காரர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிடு என்று ஆரம்பித்தார்கள். அங்கிருந்த டாக்டர் அவசரப்படவில்லை. இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மாதவிலக்கு நின்ற பிறகு சுருங்கவும் செய்யும் என்றார். இருந்தாலும் வயசை வைத்து கர்ப்பப்பை உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதில் கெடுதல் எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் விட்டு, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கிற புற்றுநோய்ப் பரிசோதனையும் அன்றைக்கே முடிந்தது. 30 வயசு தாண்டிய பெண்களுக்கு இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள், எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. இப்போது மதினி இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார். டீயோடு சேர்த்துப் போடக் கூடாது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வர ஆரம்பித்ததால் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். எழுத்து அனுப்பினால் யாரும் படிப்பதில்லை, அதனால் குரல் பதிவுதான், ஒரு நிமிஷத்துக்குள். நானாக எதையும் சொல்வதில்லை, துணை சுகாதார நிலைய நர்ஸ் கேட்டுச் சரி என்ற பிறகுதான் போடுவேன். பாதிப் பேர் வீட்டில் போன் மகன் கையில் இருப்பதால், ரிப்போர்ட், போட்டோ, யாருடைய பேரும் குழுவில் வரக் கூடாது. சொந்த விஷயம் என்றால் எனக்குப் போன் செய்யலாம், இல்லையென்றால் சுகாதார உதவி எண் 104-க்குக் கூப்பிடலாம். சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் துணை சுகாதார நிலையத்துக்கே போனால், அங்கிருந்தே டாக்டரோடு வீடியோவில் பேச வைப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு திட்டுத்திட்டாகப் பட்டாலும், கர்ப்பமாக இருக்கும்போது ரத்தம் பட்டாலும், டோக்கன் போட்டு உட்கார விடமாட்டேன். நேராக ஆஸ்பத்திரிதான், தேவைப்பட்டால் 108. போன மாதம் ஒரு பெரியம்மா இதற்காக என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் போனார், ஆனால் போனார்.

ஈரத் துணியோடு மணிக்கணக்கில் கடலில் நிற்பதால் வருகிற அரிப்பு பற்றித்தான் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நர்ஸுக்கு டூட்டி மாறியதும் அதைப் பதிவு செய்து போட வேண்டும்.